நான் குறைத்துவிட்ட சத்தம்

தம்பி, பொம்மையார்பாளையத்தில் அன்றைக்கு நான் பாயைத் தாண்டிக் குதித்தபோது வேட்டி தடுக்கி, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டுதான் விழாமல் நின்றேன். இதை நீ பார்த்தாயா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்கவும் வாய் வரவில்லை. பார்த்திருந்தால் சிரித்துக்கொண்டே மேலே படி. பார்க்கவில்லை என்றால், உன் அப்பன் அன்றைக்கு ஆடிய கூத்து நீ நினைத்திருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது என்று தெரிந்துகொள்.

மறந்திருப்பாய் என்று நினைத்து எழுதவில்லை. மறந்திருக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். கடலோர விடுதியில் ஒரு கீற்றுக் கொட்டகை. சாயங்காலம். முப்பது பேர் இருப்பார்கள், பாதிப்பேர் உன் வயசு, மீதிப்பேர் கால் மடக்கி உட்காரத் தெரியாமல் தவித்த வெளிநாட்டுக்காரர்கள். நடுவில் நீ. உன் கையில் ஒரு மைக், எதிரே ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ், மடிக்குப் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன மிக்ஸர். எல்லோரும் அமைதியானதும் நீ மைக்கை பாக்ஸுக்கு நேராகத் திருப்பினாய். பிறகு பாக்ஸிலிருந்து மெல்ல ஊளை கிளம்பியது. ஐயோ, பிள்ளை முதல்முதலாக நாலு பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், மானம் போகிறதே என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா என்பதுகூடச் சந்தேகம். என் கை என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. பாயைத் தாண்டினேன், மேற்படி தலையைப் பிடித்தேன், உன் மிக்ஸரில் வால்யூமைக் கீழே இறக்கிவிட்டேன். சத்தம் செத்துப்போனது. கடல் மட்டும் கேட்டது. நான் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு, "ஒன்னும் இல்லிங்க, சின்ன கம்ப்ளெயின்ட்டு. இப்ப சரியாயிடும்" என்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "கம்ப்ளெயின்ட்டு இல்லப்பா," என்றாய் மெதுவாக. "அது நான்தான்."

அந்த வெள்ளைக்காரம்மா கை தட்டினாள். என்னையும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துவிட்டாளாம். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று உன்னைக் கேட்டேன். "எத்தினி நாளா ஒத்திகை பாத்தீங்கன்னு கேக்கறாங்கப்பா" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். வண்டியில் திண்டிவனம் வந்து சேர்ந்தோம். ஆனால் அதற்குப் பிறகு உன் இசையைப் பற்றி என்னிடம் எதுவுமே பேசவில்லை. நான் இறக்கிய வால்யூமை என் முன்னால் நீ திரும்ப ஏற்றவே இல்லை.

இப்போது நீ கல்கத்தாவில் இருக்கிறாய். சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற ஸ்டுடியோவில் வேலை, சாப்பாட்டுக்குக் குறையில்லை, மீன் மட்டும் தினமும் போடுகிறார்கள் என்று சொல்கிறாய். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் போன வாரம் உன் அம்மாவிடம், உன்னுடைய அந்த வாசிப்பை விட்டுவிடப் போவதாகவும், மிக்ஸர் பெட்டியையும் மைக்கையும் யாருக்காவது தள்ளிவிடப் போவதாகவும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நம் மைக் செட்டுக் கடையில் உட்கார முடியவில்லை. விடாதே என்று உன்னிடம் சொல்ல வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் அம்மா இருக்கிறாள். அவளைத் தாண்டி நான் லைனுக்கு வருவதற்குள் உனக்கு டூட்டி நேரம் வந்துவிடுகிறது. பத்தாவது தேறாதவன் எழுதுகிற எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படி.

என் கை ஏன் அப்படிப் பாய்ந்தது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். மைக் செட்டு வேலையில் எனக்கு முதலாளி முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். மைக்கும் பாக்ஸும் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் மைக் கேட்டதை பாக்ஸ் சொல்லும், பாக்ஸ் சொன்னதை மைக் மறுபடி கேட்கும், இரண்டும் மாறி மாறிக் கத்தி ஊளையாகிவிடும். நான் இத்தனை வருஷம் சம்பாதித்த பெயரெல்லாம் பாட்டு நன்றாகப் போட்டதற்காக இல்லை. ஊளை வராமல் பார்த்துக்கொண்டதற்காக. ஒரே ஒரு தடவை கோட்டை விட்டேன். வளவனூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் உற்சாகம் தாங்காமல் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று பாக்ஸுக்கு நேராகப் போய் நின்றார். அப்புறம் கேட்க வேண்டுமா? மேளக்காரர்கள் வாசிப்பதற்கு முன்னால் என் பாக்ஸ் வாசித்துவிட்டது. கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சில் அப்படியே நின்றுவிட்டான். தாய்மாமன் மைக்கை இறக்காமலே, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "யோவ் மைக் செட்டு! தாலி கட்ற நேரத்துல நாய் ஊளை உட்ட மாதிரி உடறியே, என்னாய்யா அர்த்தம்?" ஊளை என்றால் நமக்குச் சத்தம் மட்டும் இல்லையே, அபசகுனம் ஆயிற்றே. அந்தப் பக்கம் ரொம்ப நாளைக்கு எனக்கு "ஊளை செட்டு" என்றுதான் பேர். இன்றைக்கும் வளவனூர் பஸ்ஸில் அந்தத் தம்பதியைப் பார்த்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு. கடவுள் காப்பாற்றினார், என்னையும் சேர்த்து.

அப்படிப்பட்டவனிடம் வந்து, நீ ஊளையைத்தான் வாசிக்கப் போகிறேன் என்றாய், பொம்மையார்பாளையத்துக்கு முன்னாலேயே; விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன். வைத்தியன் வீட்டுப் பிள்ளை, காய்ச்சலை வளர்க்கப் போகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. நீ முதலில் செய்ததை ஹெட்போனில் போட்டு என் காதில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் நெடுநேரம் மரியாதையாகத்தான் கேட்டேன். பிறகு பொறுக்க முடியாமல், "டேய், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றேன். "முடியப் போவுதுப்பா" என்றாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது. அன்றைக்கு அது எனக்கு நல்ல நகைச்சுவை. கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் கொண்டுவருகிற ஏழுமலை மாமாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஜெனரேட்டர் வண்டியில் வந்தவன் போனவனுக்கெல்லாம் அவன் சொன்னான். உன் காதுக்கும் அது வந்து சேர்ந்திருக்கும். நமக்குள் ஒருவரையொருவர் கிண்டல் செய்வது புதிதில்லை. ஆனால் ஒரு ஆளைக் கிண்டல் செய்வதற்கும், அவன் கையில் பொத்திக்கொண்டு வந்து காட்டுகிற பொருளைக் கிண்டல் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு அது பிறகுதான் உறைத்தது. உனக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்து, எதையாவது பொத்திக்கொண்டு வந்து காட்டினால், புரியாவிட்டாலும் முதலில் கையை நீட்டி வாங்கிப் பார். சிரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நீ கிளம்பின அன்றைக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்கு முன்னாலேயே வந்துவிட்டோம். நம் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தால் வங்காளம் வரைக்கும் மாறாமல் போகலாம் என்பதில் உன் அம்மாவுக்கு ஒரு பெருமை, ஏதோ நமக்காகவே விட்ட ரயில் மாதிரி. அவள் பையை எண்ணிக்கொண்டிருந்தாள். நீ ஒரு தூணோரமாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அந்த அறிவிப்பு ஸ்பீக்கரைக் கேட்டு எரிச்சல். தொழில் புத்தி.

"அந்த ஸ்பீக்கரை கட்டினவன் எவன்டா? எந்த ரயிலு எந்த பிளாட்பாரம்னு ஒரு எழுத்து புரியல. நாலு தூணுலயும் மோதிக்கினு வருது."

"அப்பா, கொஞ்ச நேரம் பேசாம இருப்பா. ரெக்கார்ட் பண்ணிக்கினு இருக்கேன்."

"எதைடா?"

"நாலு தூணுலயும் மோதிக்கினு வருதுல்ல, அதைத்தான்."

உன் பக்கத்தில் நின்று நானும் மேலே பார்த்தேன். எனக்குக் கோளாறாகத் தெரிந்தது உனக்கு எப்படிக் கேட்கிறது என்று அப்போது கேட்டிருக்கலாம். உன் முகம் அத்தனை கவனமாக இருந்தது. சின்ன வயசில் நீ தூங்கும்போதுகூட உன்னை நான் அத்தனை நேரம் பார்த்ததில்லை. ரயில் வந்தது. ஜன்னலோரமாக நடந்துகொண்டே, "புளி சோத்தை இன்னிக்கே சாப்ட்டுடு, நாளைக்கு வெக்காத" என்றேன். ரயில் போன பிறகும் ஸ்பீக்கர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. உன் அம்மா, "வாங்க போலாம், பஸ்ஸு போயிடும்" என்று இழுத்தாள். நான் இன்னும் கொஞ்சம் நின்று கேட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முதல்தடவையாக, விளங்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

நீ போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்துபோனது என்று எல்லா அப்பன்களும் எழுதுவார்கள். நம் வீட்டில் குறையவில்லை. கீழே மைக் செட்டுக் கடை, மேலே உன் அம்மாவின் டிவி. எனக்குக் குறைந்தது வேறு. நீ உன் அறையில் ஒரே ஒரு சத்தத்தை மணிக்கணக்கில் ஓடவிட்டிருப்பாய், நான் "ஜல்தியா நிறுத்துடா, பேஜாரா கீது" என்று கீழேயிருந்து கத்துவேன். அப்படிக் கத்துவதற்கு ஆளில்லாமல் போனது. ஒரு நாள் ஏழுமலையின் மகள், மயிலத்தில் காலேஜ் படிக்கிறாளே அவள், கடைக்கு வந்தபோது கேட்டேன். "எம் புள்ள பண்றதெல்லாம் போன்ல வரும்னு சொன்னானே, அது எங்கம்மா இருக்கு?" அவள் என் போனை வாங்கி நாலு தட்டுத் தட்டி, "இதோ பாருங்க மாமா, எல்லாம் இங்கதான் இருக்கு. இதை அமுக்கினா போதும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கடையில் யாரும் வராத நேரம். போனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி முதலாவதை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. வால்யூம் ஏற்றினேன். அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். மைக் செட்டுக்காரனுக்கு அந்த இரைச்சல் கேட்டால் ஒரே அர்த்தம்தான், எர்த் சரியில்லை. ஒயரை மாற்றினேன், போகவில்லை. பிளக்கைத் திருப்பிப் போட்டேன், போகவில்லை. கடைக்குப் பின்னால் போய் எர்த் புதைத்த குழியில் எர்த் நன்றாகப் பிடிக்கட்டும் என்று இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, வீட்டிலிருந்து கைநிறைய உப்பும் கொண்டுவந்து போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரைச்சல் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அப்போது ஏழுமலை உள்ளே வந்தான்.

"என்னா மச்சான், குழிக்கு உப்பு போடற?"

"எர்த்து கம்ப்ளெயின்ட்டுடா. இரையுது பாரு."

அவன் போனைக் குனிந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். "யோவ், உம் புள்ள படம் போட்டுக்கினு ஓடுது. அது பாட்டுய்யா! உம் புள்ள பாட்டுக்கா உப்பு போட்ட?"

அவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் அதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை நிறுத்தினவன் ஆயிற்றே.

அதிலிருந்து தினமும் மத்தியானம் கேட்கிறேன். உடனே பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் தூக்கம் வந்தது. பிறகு கொஞ்ச நாள், அப்பன்காரன் புத்தி, இதில் நம் ஊர் எங்காவது வருகிறதா, கடை வருகிறதா, என் குரல் ஏதாவது ஒரு மூலையில் மாட்டியிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். விழுப்புரம் ஸ்பீக்கரையாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். சுத்தமாக இல்லை. நான் எங்கேயும் இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போடாமல்கூட இருந்தேன், நீ அங்கிருந்து பார்க்கிற மாதிரி. பிறகுதான், சரி, இதில் நம் சத்தம் எதுவும் கிடையாது, இது முழுக்க அவனுடையது, அவன் சொல்வதைக் கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்ததுதான் என் கோளாறு என்று அப்புறம் தெரிந்தது. கல்யாண மண்டபங்களில் நான் எல்லோருக்கும் முன்னால் போய்விடுவேன். பாக்ஸ் கட்டி, லைன் கொடுத்து, செட்டை ஆன் பண்ணி வைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்காருவேன். யாரும் வந்திருக்க மாட்டார்கள். மைக்கில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் செட்டு உயிரோடு இருக்கும். மண்டபம் முழுக்க அதன் மூச்சு மாதிரி ஒரு ஓசை இருக்கும். எங்கேயோ ஒரு கதவு திறந்தால் அதுகூட அந்த ஓசையில் ஒரு சுழி சுழித்துவிட்டுப் போகும். உண்மையைச் சொன்னால், முகூர்த்தத்தைவிட எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஏழுமலை மறுபடியும் உப்பு எடுத்துக்கொண்டு வருவான். அந்த நேரத்தைத்தான் நீ நீட்டி நீட்டி வைத்திருக்கிறாய். அது பிடிபட்ட அன்றைக்கு உன் நீளமான ஒன்றை, எதற்கும் காத்திருக்காமல், முழுசாகக் கேட்டேன். ஊளை கிளம்புகிற அந்த நுனியில், கிளம்பவும் விடாமல், அமுக்கவும் செய்யாமல், நீ அதைப் பிடித்து நிறுத்தியிருந்தாய். அங்கே மைக்கை ஒரு விரல்கடை அசைத்தால் போச்சு. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடத்தான் தெரியும். நீ அதற்குள் உட்கார்ந்திருக்கிறாய். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதே இடத்தைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். வெயில் சாய்ந்ததுகூடத் தெரியவில்லை. நீ எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, முன்பு ஒரு நாள் பார்த்தாயே, அந்த மாதிரி.

எல்லாமே பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தகரத்தை ஆணியால் சுரண்டுகிற மாதிரி ஒன்று போட்டிருக்கிறாய். அதற்கு நான் இன்னும் வரவில்லை. உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "பல்லு கூசுது, நிறுத்துங்க. புள்ளைக்கு யார்மேலயோ கோவம்" என்றாள். கோபம் என்றால் யார்மேல் என்று நான் கேட்கவில்லை. உனக்கு யோசனை சொல்கிற தகுதி எனக்கு ஒரு விஷயத்தில்தான் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். காதைப் பார்த்துக்கொள். எனக்கு வலது பக்கம் சன்னமான சத்தங்கள் போய்விட்டன. உன் அம்மாவின் கொலுசு இடது பக்கம் வந்தால்தான் கேட்கிறது. உன்னுடையதில் மேலே மெல்லிசாக ஏதோ ஒன்று ஓடுகிறது என்று ஏழுமலை மகள் சொல்கிறாள். எனக்கு அது வரவில்லை, அவள் கையை ஆட்டிக் காட்டுகிறாள், நான் தலையாட்டுகிறேன். அதனால்தான் அவசரப்படுகிறேன். இருக்கிற காதில் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட வேண்டும். நீ பண்ணினால்தானே கேட்க முடியும்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் அம்மா தரையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், உனக்குத் தெரியாது.

"அதை உட்டுடலாம்னு இருக்கேம்மா," என்றாய். "எதுக்கு அதைக் கட்டிக்கினு அழணும்? ஒருத்தனும் சீந்தல. யாரோ ஒரே ஒரு ஆளு மட்டும் தெனம் மத்தியானத்துல போட்டுப் போட்டுப் பாக்கறான். எத்தினி பேரு கேட்டாங்கன்னு போன்ல கணக்கு காட்டுதும்மா. போட்டதையே மறுபடி மறுபடி போடறான். போன்ல எதையோ தப்பா அமுக்கிக்கினு கெடக்கறான் போல, பாவம்."

உன் அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "அப்பாகிட்ட சொல்லட்டாடா?" என்றாள்.

"சொல்லு. அவருக்கு நிம்மதியா இருக்கும்" என்றாய்.

அவள் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேசுங்க என்று கண்ணால் சொன்னாள். இத்தனை பேருக்கு மைக் நீட்டியிருக்கிறேன் தம்பி, என் வாய்க்கு நேரே ஒன்று வந்தபோது வேறு எதையோ சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்டா," என்றேன். "பெட்டிய மட்டும் ஈரத்துல வெக்காத." நீ சரிப்பா என்றாய். லைன் கட்டாகிவிட்டது. உன் அம்மா ஒரு மல்லாட்டைத் தோலை என்மேல் வீசி எறிந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டியது அப்போதும் நாக்கு நுனியில்தான் இருந்தது:

தப்பா அமுக்கலடா தம்பி. கேட்டுக்கினு இருக்கேன்.